கங்காணியும் கண்காணிப்பும்

கங்காணி என்னும் சொல்லுக்கு இந்நாட்டுத் தமிழர்க்குப் பொருள் உரைக்க வேண்டுவதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தித் தலை எண்ணியவர் அவர்; வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்றவர் அவர்; ஊருக்குப் போய் உறவையும் அயலையும் அழைத்து வந்து தோட்டத்திற் சேர்த்தவரும் அவரே. உதவி பெற்று மலாயாவுக்குக் கூலி வேலைக்குச் செல்வதை 1938-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் தடை செய்ததோடு அந்த ஆள்சேர்ப்பு முறை முடிவுற்றது. முறை போயிற்று, சொல் போகவில்லை. ஒருவர் மற்றவர்மேல் அதிகாரம் செலுத்தப் புகுந்தால், "இவர் பெரிய கங்காணி" என்று நம்மவர் இன்றும் எள்ளுவதைக் கேட்கலாம்.

ஆயினும் அச்சொல்லின் பிறப்பு இழிவானதன்று. கண்காணி என்பதே மக்கள் வாயில் மருவிக் கங்காணி ஆயிற்று. கண் வைத்துப் பார்ப்பவர், பார்த்துக் காப்பவர் என்பதே அதன் பொருள். பார்க்க வேண்டியவர் எண்ணத் தொடங்கியபோதுதான் அச்சொல் கசந்தது. இவ்விரண்டில் எது நமது உத்தியோகத்துக்கு உரியது என்று பல ஆண்டுகளாக நாம் எண்ணி வந்ததை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பார்ப்பது ஒரு மாவட்டத்துச் சமூக நலக் காரியாலயத்தில் மேற்பார்வை வேலை. நம்மவர் 'வெல்பேர் ஆபீஸ்' என்று சொல்லும் இடந்தான் அது. நமது பொறுப்பில் நல ஊழியர்கள் எண்மர் உள்ளனர். மலாய்க்காரர் ஐவர், தமிழர் இருவர், சீனர் ஒருவர். உதவி வேண்டி எவரேனும் மனுச் செய்தால், அவர் வீட்டுக்கு நேரிற் சென்று, குடும்ப நிலையை விசாரித்து, அறிக்கை எழுதி, இன்ன உதவி தகும் அல்லது தகாது என்று கூறுவது அவர்கள் கடமை. உதவி கிடைத்தபின்னும் அக்குடும்பத்தை அவ்வப்போது சென்று பார்த்துவர வேண்டும். அவ்வறிக்கைகளைப் படித்து, கேள்வி கேட்டு, ஒப்பமிட்டு, மேலிடத்துக்கு அனுப்புவது நமது கடமை. நண்பர்கள் சிலர் நம்மை 'வெல்பேர் கங்காணி' என்று அழைப்பதுண்டு. அந்தக் கேலியில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறதென்றே நாம் கொள்கிறோம்.

இவ்விலாகா தோன்றிய வரலாற்றை நம்மவர் அறிந்திருத்தல் நலம். ஜப்பானியர் ஆட்சி ஒழிந்த மறு ஆண்டில், அதாவது 1946-இல், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சமூக நல இலாகாக்கள் நிறுவப்பட்டன. அந்நாளில் எங்கும் பசி, எங்கும் அநாதைகள். சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட ஆண்கள் திரும்பி வராத தோட்டத்து வீடுகள் எத்தனையோ இருந்தன. கணவன் இறந்தானா இருக்கிறானா என்று சொல்லக்கூட ஒரு காகிதம் இல்லாத பெண்கள், கையில் குழந்தையுடன் உதவி கேட்டு நின்ற காலம் அது. காகிதம் இல்லாத மனிதருக்கு என்ன செய்வது என்ற கேள்வி, ஆகவே, இவ்விலாகாவுக்குப் புதிதன்று. அதனோடு கூடப் பிறந்தது.

இனி, எண்ணும் வேலையைப் பற்றிச் சொல்லுவோம். மாதம் முடிந்ததும் நம் மேசைக்கு ஒரு கணக்கு வந்து சேரும். எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை வீடுகள் பார்க்கப்பட்டன, எத்தனை விசாரணைகள் குறித்த நாளுக்குள் முடிந்தன, எத்தனை நிலுவையில் உள்ளன என்பதெல்லாம் கட்டம் கட்டமாக அதில் இருக்கும். இக்கணக்கை நாம் இகழமாட்டோம். கொடுக்கப்படுவது பொதுப்பணம். அது உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் உரிமை வரி கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. மூன்று மாதமாக ஒரு மனு திறக்கப்படாமற் கிடந்தால் அதைக் காட்டிக்கொடுப்பதும் இக்கணக்கே. ஆனால் இக்கணக்கு ஒன்றைச் சொல்லாது. வீட்டுக்குப் போன ஊழியர் வாசலோடு திரும்பினாரா, உள்ளே சென்று அமர்ந்து பேசினாரா என்பது அதில் இராது. இரண்டும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாகவே விழும். வெட்டிய மரத்தை எண்ணிய கிராணியின் கணக்கில், வெட்டியவளின் முதுகுவலி எழுதப்படாதது போலவே இதுவும்.

ஊராட்சியின் பொறுப்பில் ஏழைகளைச் சென்று காணும் ஊழியர்களையும், அவ்வூழியர்களைக் காண ஒரு மேற்பார்வையாளரையும் ஒழுங்காக அமைத்த முறைகளுள் பெயர்பெற்றது ஜெர்மனியிலுள்ள எல்பர்பெல்டு நகரத்து முறையாகும். நெசவாலைகள் நிறைந்த அந்நகரம் இப்போது ஊப்பர்டால் மாநகரத்தின் ஒரு பகுதி. அங்கே 1853-இல் தொடங்கிய அம்முறை முதிர்ந்தபோது, நகரம் 252 சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சம்பளம் பெறாத நகரவாசி ஒருவர் பொறுப்பு. அவர் கையில் நான்கு குடும்பங்களுக்கு மேல் இருத்தலாகாது. பதினான்கு வட்டாரங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். பதினான்கு நாளுக்கு ஒருமுறை அவர்கள் கூடி, தாம் கண்ட குடும்பங்களைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசி, அடுத்த பதினான்கு நாளுக்கு என்ன உதவி என்று தீர்மானிப்பர். உதவி அதற்கு மேல் தானாக நீளாது. மறுபடி சென்று பார்த்தாக வேண்டும்.

அம்முறையில் குறைகளும் உண்டு. அது செலவைக் குறைக்கும் நோக்கத்தோடு எழுந்தது. உடல் வலிவுள்ளவர் கொடுத்த வேலையைச் செய்ய மறுத்தால் உதவியையும் மறுத்தது. அக்கடுமையை நாம் புகழவில்லை. நமது கருத்தைக் கவர்வன மூன்று: ஒருவர் கையில் சிலரே, அடிக்கடி நேரிற் காணுதல், கண்டதைப் பற்றி மேற்பார்வையாளரோடு கூடி அமர்ந்து பேசுதல். இன்று ஒரு நல ஊழியரின் கையில் உள்ள குடும்பங்களின் எண்ணிக்கையை எல்பர்பெல்டு நகரத்தாரிடம் சொன்னால் அவர்கள் நம்பவே மாட்டார்கள். முதலாவதைத் தீர்மானிப்பது நம் கையில் இல்லை, அதற்காக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருக்கலாம், இருக்கிறோம். மூன்றாவது நம் கையில் உள்ளது.

இத்தொழிலைக் கற்பிப்போரும் இதனையே வற்புறுத்தியுள்ளனர். ஒரு குடும்பத்தின் நிலையை ஆராயும் விதத்தை அமெரிக்க நாட்டு மேரி ரிச்மண்டு அம்மையார் 1917-இல் ஒரு பெரு நூலாக எழுதினார். மேற்பார்வையைப் பற்றி அந்நாட்டு வர்ஜினியா ராபின்சன் அம்மையார் 1936-இல் தனி நூல் இயற்றினார். 1976-இல் ஆல்பிரெட் கதூஷின் என்னும் பேராசிரியர், மேற்பார்வையாளரின் கடமைகளை மூன்றாக வகுத்தார். வேலை ஒழுங்காக நடக்கச் செய்தல் ஒன்று. ஊழியருக்குக் கற்பித்தல் ஒன்று. அவர் மனந்தளராமல் தாங்குதல் ஒன்று. முதலாவதை மட்டும் செய்பவர் பெரட்டுக் களத்துக் கங்காணியே. மற்ற இரண்டும் சேர்ந்தால்தான் அவர் கண்காணி ஆவார்.

ஆகவே நாம் ஒரு வழக்கம் வைத்துள்ளோம். ஒவ்வோர் ஊழியரோடும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கதவைச் சாத்தி, தொலைபேசியை எடுக்காமல், ஒரு மணி நேரம் அமர்வோம். கோப்பு மேசைமேல் இருக்கும். ஆனால் முதலிற் கோப்பைத் திறப்பதில்லை. "இந்த இரு வாரத்தில் உங்கள் மனத்தை விட்டுப் போகாத வீடு எது?" என்பதே நமது முதற் கேள்வி. சிலர் உடனே பேசுவர். சிலர் வெகுநேரம் ஒன்றும் சொல்லார். சொல்லாதவரின் கோப்புகளையே நாம் பின்னர்ப் பொறுமையாகப் படிப்போம்.

அவ்வாறு அமர்ந்த ஒருநாள், தமிழ் ஊழியர் ஒருவர் மூன்று வரி அறிக்கை ஒன்றை முடித்து வைக்க நம் ஒப்பத்துக்குக் கொடுத்தார். வயது முதிர்ந்த தமிழ்ப் பெண் ஒருவர். சிவப்பு அடையாள அட்டை. முதியோர் உதவித்தொகை குடிமக்களுக்கே உரியது. ஆதலின் மனுவைத் தள்ளுக என்பது அதன் சாரம். சட்டப்படி அதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. அப்பெண் ஊழியர் படித்தவர், நேர்மையானவர், அவரே தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர். நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "அந்தப் பாட்டி காலையில் என்ன சாப்பிடுகிறார், அம்மா?" என்று மட்டும் கேட்டோம். தெரியாது என்றார். "தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இரவில் துணைக்கு யார் இருக்கிறார்கள்?" அதுவும் தெரியாது. அட்டையின் நிறத்தைக் கண்டதும் விசாரணை முடிந்துவிட்டதென்று கருதி, வேலியருகிலேயே நின்று பேசித் திரும்பியிருக்கிறார். "இன்னொரு முறை போய் வாருங்கள். ஒன்றும் எழுத வேண்டாம். பாட்டி உட்காரச் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்" என்றோம்.

அவர் போனார். பால்மரம் நின்ற அத்தோட்டம் செம்பனையாகி, பின்னர் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, பழைய லயத்தில் நான்கு வீடுகளே எஞ்சியிருந்தன. பாட்டி அந்த லயத்திலேயே பிறந்தவர். தம்பிக்கு நீல அட்டை, அக்காளுக்குச் சிவப்பு. பிறந்தபோது யார் போய்ப் பதிந்தார், யார் பதியவில்லை என்பதே அவ்விருவர் வாழ்வையும் பிரித்துவிட்டது. ஆனால் ஊழியர் கண்டு வந்தது அது மட்டுமன்று. உள்ளறையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். பாட்டியின் பேத்தி பெற்று விட்டுவிட்டு இறந்துபோன குழந்தை. அவளுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. பள்ளிக்கூட வாசலையும் அவள் மிதித்ததில்லை. பாட்டி உதவி கேட்டு மனுச் செய்தது தமக்காக அன்று, அக்குழந்தைக்காக. படிவத்தில் அதை எழுத இடமில்லை, கேட்டவரும் இல்லை.

அதன்பின் அந்த ஊழியர் உழைத்த உழைப்பை நாம் அருகிருந்து கண்டோம். குழந்தை பிறந்த மருத்துவமனையின் பழைய பதிவேட்டைத் தேடினார். இறந்த தாயின் அடையாள அட்டை எண்ணைத் தேடினார். பதிவிலாகாவுக்குப் பாட்டியோடு எத்தனை முறை நடந்தார் என்பதற்குக் கணக்கில்லை. ஒன்றரை ஆண்டுக்குப் பின் பத்திரம் கிடைத்தது. குழந்தை இப்போது தமிழ்ப்பள்ளியில் தன்னினும் சிறியவர்களோடு அமர்ந்து படிக்கிறாள். பாட்டியின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லை. முதியோர் உதவித்தொகையும் கிடைக்கவில்லை. ஊரிலுள்ள தருமசிந்தையுடையார் சிலர் அரிசி பருப்புக் கொடுத்து வருகின்றனர். சட்டம் மாறவில்லை, நாமும் அதை மீறவில்லை. மூன்று வரியில் முடிந்திருக்க வேண்டிய கோப்புக்குள் ஒரு குழந்தை இருந்தது வெளிப்பட்டது. அவ்வளவே.

மற்றொரு நிகழ்ச்சி. நம் ஊழியருள் மூத்தவர் ஒரு மலாய்ப் பெரியவர். இரக்கமும் அநுபவமும் உள்ளவர்; ஏழைகளின் வீட்டில் கொடுத்த தேநீரை மறுக்காமற் குடிப்பவர். பட்டணத்து அடுக்குமாடி வீடொன்றில் சச்சரவு என்று அண்டை வீட்டார் தெரிவிக்க, அவர் விசாரிக்கச் சென்றார். தாய்க்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. "கணவர் சில வேளைகளிற் கோபிப்பார், இப்போது அமைதியாக இருக்கிறார்கள்" என்று அவர் அறிக்கை கூறிற்று. நாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தாயார் சொன்னதை உங்களுக்கு மலாயில் சொன்னது யார்?" பத்து வயது மகள் என்றார். "அப்போது தகப்பனார் எங்கிருந்தார்?" கூடத்தில் உட்கார்ந்திருந்தார் என்றார். சொல்லி முடிக்குமுன் அவர் முகம் மாறியது. நாம் மேலே ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. "நாளைக் காலையில் மறுபடி போகிறேன்" என்று அவரே எழுந்தார்.

தகப்பன் முன்னிலையில், அவன் செய்ததை, அவன் மகளின் வாயாற் சொல்லச் சொன்னால் அக்குழந்தை வேறு என்ன சொல்லும்? மறுநாள் அவர் தமிழ்ப் பெண் ஊழியரை உடன் அழைத்துச் சென்றார். தாயோடு தனியே பேசியபோது வெளிவந்தது முற்றிலும் வேறு கதை. அவ்வார முடிவுக்குள், 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அத்தாய்க்குக் காவல் உத்தரவு பெறப்பட்டது. தாயும் பிள்ளைகளும் வேறிடத்திற் பத்திரமாகத் தங்க வைக்கப்பட்டனர். அன்றுமுதல் நமது காரியாலயத்தில் ஒரு விதி உண்டு. எந்த வீட்டிலும் குழந்தையை மொழிபெயர்ப்பாளராக்கக் கூடாது. அம்மொழி தெரிந்த ஊழியர் வேறு வேலையில் இருந்தால் வேலை காத்திருக்கட்டும்.

இது ஒரு சிறு விதி போலத் தோன்றலாம். இதை மறந்ததால் நேர்ந்த கொடுமை ஒன்று இலண்டனில் உண்டு. ஐவரி கோஸ்டு நாட்டிற் பிறந்த விக்டோரியா கிளிம்பியே என்னும் சிறுமி, பாட்டிமுறை உறவினள் ஒருத்தியோடு 1999 ஏப்ரலில் பிரான்சிலிருந்து இலண்டன் வந்தாள். அவளது மொழி பிரெஞ்சு. அவ்வுறவினளும் அவளோடு வாழ்ந்த ஆடவனும் குழந்தையைக் கொடுமைப்படுத்தினர். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-இல், எட்டாம் வயதில், அவள் உயிர் நீத்தாள். குற்றவாளிகள் இருவரும் தண்டனை அடைந்தனர். ஆயினும் நாடு கேட்ட கேள்வி வேறு. நான்கு நகரசபைகளின் சமூக சேவை இலாகாக்களும், இரண்டு மருத்துவமனைகளும், போலீசாரும் அக்குழந்தையை அறிந்திருந்தனரே. அவள் எப்படி இறந்தாள்?

லார்டு லேமிங் என்பவர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வெளிவந்தது. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்புகள் பன்னிரண்டு இருந்தனவென்று அது காட்டிற்று. 108 பரிந்துரைகளைக் கூறிற்று. அவள் பொறுப்பை ஏற்றிருந்த இளம் ஊழியர் அநுபவம் குறைந்தவர். அவர் கையில் விதித்த அளவுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. அவளைச் சில முறை கண்டும் அவளோடு அதிகம் பேசவில்லை. அவருக்கு மேலிருந்தவர்களோ கோப்பைத் திறந்து கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அவ்வறிக்கை பழியைக் கீழ் ஊழியரின் தலையில் மட்டும் சுமத்தவில்லை. மேற்பார்வை செய்ய வேண்டியவர்களையும் மேலதிகாரிகளையும் நோக்கி விரல் நீட்டிற்று. அதுவே நம்மை உறங்கவொட்டாமற் செய்த செய்தி. அந்த ஊழியரை எவரேனும் எதிரில் அமர்த்தி, "குழந்தை தன் மொழியில், தனியாக, உங்களிடம் என்ன சொன்னாள்?" என்று கேட்டிருந்தால்? பல ஆண்டுக்குப்பின், 2011-இல், அந்நாட்டுப் பேராசிரியர் ஐலீன் மன்றோ அம்மையார் செய்த ஆய்வு, விதிகளும் படிவங்களும் பெருகிப் பெருகி, குழந்தையோடு இருக்க வேண்டிய ஊழியரின் நேரத்தை அவை விழுங்கிவிட்டன என்று கூறிற்று. ஆபத்து வரும்போதெல்லாம் படிவம் ஒன்றைக் கூட்டுவது எளிது. கேள்வி கேட்கும் ஒருவரை அமர்த்துவதோ அரிது.

ஊழியரைத் தாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, ஆபத்திலுள்ள குழந்தையைப் பெற்றோரிடமிருந்து அகற்றிக் காவலில் எடுக்க நல அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. எடுத்த 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தின் முன் கொண்டுபோக வேண்டும். சட்டப் புத்தகத்தில் இது சில வரிகள். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி தங்கை மூவரை அவ்வாறு அழைத்துவந்த இளைஞர் ஒருவர், மறுநாள் நம் அறைக்கு வந்து, தாயின் ஓலம் காதில் நிற்கிறது, வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்றார். அவர் செய்தது சரியே. சரி என்று நாம் சொன்னதால் ஓலம் நிற்கவில்லை. அன்று முழுவதும் அவருக்குப் புதிய கோப்பு எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த முறை அத்தாயைப் பார்க்க அவர் சென்றபோது நாமும் உடன் சென்றோம். தாய் நம்மிருவரையும் ஏசினாள், கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தோம். அவர் இன்றும் அந்த வேலையிலேயே இருக்கிறார். மனம் மரத்துப்போன ஊழியர் எவரும் அப்படிப் பிறந்தவரல்லர். தம் வலியைச் சொல்ல ஓரிடம் இல்லாமற் போனவரே பிறர் வலியைக் கேளாதவராகிறார்.

இதனால் மேற்பார்வையாளர் எப்போதும் இனிக்கப் பேச வேண்டுமென்று எண்ணலாகாது. ஒருமுறை நம் முன்மேசையில் இருந்தவர், அவரும் தமிழரே, தோட்டத்திலிருந்து வந்த முதியவரை நிற்க வைத்து, "நீ எதற்கு வந்தே? போய் நாளைக்கு வா" என்று பேசியதைக் கேட்டோம். மலாய்க்கார மனுதாரரிடம் மரியாதையாகப் பேசிய அதே வாய், தன் இனத்து ஏழையிடம் ஒருமையில் இறங்கியது. அதை நாம் பொறுக்கவில்லை. அவரைத் தனியே அழைத்து, உறுதியாகச் சொன்னோம்: மனுச் செய்பவர் பிச்சைக்காரர் அல்லர், நாட்டின் செல்வத்தைத் தம் உழைப்பாற் பெருக்கியவர், சட்டம் அளித்ததைக் கேட்க வருகிறார். அன்றே மேசைக்கு எதிரில் நாற்காலிகள் போடப்பட்டன. வருவோரை முதலில் அமரச் சொல்லி, 'நீங்கள்' என்றே விளித்துப் பேச வேண்டும் என்பது கட்டளையாயிற்று. சில மாதம் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பின்னர் அதுவே அவருக்கும் பழக்கமாயிற்று. சுயமரியாதையைப் பற்றி மேடையிற் பேசுவோர் பலர். உதவி கேட்டு வந்த கிழவரை உட்காரச் சொல்லும் ஒரு நாற்காலியில் அது தொடங்கட்டும் என்போம்.

வாசகர்களே! இவ்வளவும் காரியாலயத்துக்குள் நடக்கும் விஷயம்; எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். உங்களுக்கு இதிற் பங்குண்டு. உங்கள் லயத்திலோ அடுக்குமாடியிலோ ஒரு முதியவரோ விதவையோ நோயாளியோ இருப்பின், அவர் மனுச் செய்ய உடன் செல்லுங்கள். விசாரிக்க வந்த ஊழியரின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர் வாசலோடு திரும்பப் பார்த்தால், உள்ளே வந்து அமருமாறு அழையுங்கள். வீட்டைக் காட்டக் கூச வேண்டாம். மொழி தெரியாவிட்டால் பிள்ளையை முன்னே தள்ளாமல், தமிழ் தெரிந்த ஊழியர் வேண்டுமென்று கேளுங்கள். மனுத் தள்ளப்பட்டால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டுமென்று சொல்லுங்கள். அப்படிக் கேட்பதற்காக எவரும் உங்கள்மேற் சினங்கொள்ளலாகாது. கொண்டால் அவர் அந்த மேசைக்குத் தகுதியற்றவர். பிறந்த குழந்தையை உரிய காலத்திற் பதிவு செய்யுங்கள். அந்த ஒரு காகிதம் இல்லாததால் மூன்று தலைமுறை துன்புற்றதை மேலே கண்டோம்.

பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவம், வழக்கறிஞர் தொழில், பொறியியல் என்று நம்மவர் நாடும் படிப்புகளோடு சமூகப் பணிப் படிப்பையும் எண்ணிப் பாருங்கள். சம்பளம் பெரிதன்று, பெயரும் பெரிதன்று. ஆனால் லயத்தில் வளர்ந்த ஒரு பெண், லயத்துக் கதவைத் தட்டி உள்ளே சென்று அமரும்போது, அவளுக்குக் கிடைக்கும் செய்தி வேறெவருக்கும் கிடைப்பதில்லை. நமது எட்டுப் பேரில் தமிழ் பேசுவோர் இருவரே. இம்மாவட்டத்தில் அவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகள் மிகப் பல. அடுத்த ஆண்டு ஓர் இடம் காலியாகும் என்று எதிர்பார்க்கிறோம். அதற்கு விண்ணப்பிக்க வரும் தமிழ் இளைஞர்களிடம் நாம் கேட்கப்போகும் முதற் கேள்வி, அவர்கள் பெற்ற புள்ளிகளைப் பற்றியதாக இராது. அவர்கள் கடைசியாகச் சென்று அமர்ந்து பேசிய ஏழை வீட்டைப் பற்றியதாகவே இருக்கும்.